குற்றாலத்து வானொலியும் குறுக்கிட்ட அலைகளும்

குற்றாலத்துக்கு வரும் வானொலி அலைகள் இரண்டு நேர்கோடுகளில் அமைந்திருக்கின்றன. தேசப்படத்தில் ஒரு அடிக்கோலை வைத்துப் பார்த்தாலே இது தெரியும். சென்னை, திருச்சி, குற்றாலம், திருவனந்தபுரம் ஆகிய நான்கும் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடும் ஒரே கோட்டில் கிட்டத்தட்ட விழுகின்றன. திருநெல்வேலி, தூத்துக்குடி, கடலைத் தாண்டி இலங்கையின் புத்தளம் மூன்றும் குற்றாலத்திலிருந்து கிழக்காகவும் சற்றுத் தெற்காகவும் செல்லும் இன்னொரு கோட்டில் நிற்கின்றன. முதல் கோடு இரண்டாவதை ஏறத்தாழச் செங்குத்தாக வெட்டுகிறது. இந்த ஊரில் எந்த நிலையம் எதன் மேல் ஏறிக் கேட்கும், எதை எதிலிருந்து பிரிக்கலாம், எதைப் பிரிக்கவே முடியாது என்பதில் பெரும்பகுதியை இந்த இரண்டு கோடுகளே தீர்மானித்திருக்கின்றன.

தூரங்களும் கவனிக்கத் தக்கவை. குற்றாலத்திலிருந்து திருநெல்வேலியும் திருவனந்தபுரமும் வான்வழியில் ஏறக்குறைய ஒரே தொலைவு, 60 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முன்னது சமவெளி வழியே வருகிறது. பின்னதன் குறுக்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவராக நிற்கிறது. தூத்துக்குடி சுமார் 95, திருச்சி சுமார் 260, புத்தளம் சுமார் 300, சென்னை சுமார் 560 கிலோமீட்டர். தமிழில் பேசும் நிலையங்களில் இலங்கையினுடையது சென்னையை விட இந்த ஊருக்கு மிக நெருக்கம். பல தலைமுறைகளாகத் தென்காசி வட்டாரத்துக் காதுகள் கொழும்பின் பக்கம் திரும்பியிருந்ததற்குப் பாட்டுக்கு முன்னால் சொல்ல வேண்டிய காரணம் இந்தத் தூரக் கணக்கு.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. அந்நாளில் குற்றாலத்தில் வானொலி கேட்பது பெரும்பாலும் திருச்சியைப் பிடிக்கும் முயற்சியாகவே இருந்தது. வால்வு பெட்டிக்கு வீட்டுக்கு வெளியே உயரத்தில் கட்டிய நீண்ட கம்பி ஏரியலும், மண்ணில் புதைத்த எர்த் கம்பியும் தேவைப்பட்டன. எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி ஈரம் காப்பது வீட்டுப் பழக்கமாயிற்று. பின்னாளில் வீட்டுக்குள்ளேயே சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டும் செம்புக்கம்பி வலை ஏரியல் வந்தது. ஏரியல் நீளமாக இருந்தால் தூரத்து நிலையம் இழுக்கும். கூடவே வேண்டாத நிலையங்களையும் இடிமின்னலின் கரகரப்பையும் சேர்த்து இழுக்கும். எந்த அளவில் நிறுத்துவது என்பதைக் கேட்பவர்கள் அனுபவத்தில் கற்றார்கள்.

1943-இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் திருவனந்தபுரத்தில் தன் சொந்த நிலையத்தைத் தொடங்கியது. குற்றாலம் அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள செங்கோட்டை திருவிதாங்கூருக்குச் சொந்தம். 1956 நவம்பர் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆகவே 1950 வரை ஏறத்தாழ 7 ஆண்டுகள், அருகருகே கிடந்த இரண்டு ஊர்களில் ஒன்றுக்கு மலைக்கு அப்பாலிருந்து வந்தது சொந்த ஆட்சியின் வானொலி, மற்றதற்கு அது அயல் வானொலி. அலைக்கு இந்த எல்லை தெரியாது. திருவனந்தபுரம் நிலையத்தை 1950 ஏப்ரல் 1 அன்று அகில இந்திய வானொலி எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்துக் குறுக்கீட்டின் குரல் விசில். ஒரு நிலையம் அனுப்பும் அலைக்கு ஊர்தி அலை என்று பெயர். பேச்சும் பாட்டும் அதன் மேல் ஏறி வருகின்றன. இரண்டு நிலையங்களின் ஊர்தி அலைகள் சற்றே வேறுபட்டால், பெட்டிக்குள் அந்த வேறுபாடே ஒரு ஒலியாகப் பிறக்கும். நொடிக்கு 1,000 சைக்கிள் (இன்றைய பெயரில் ஹெர்ட்ஸ்) வேறுபாடு என்றால் 1,000 சைக்கிள் சுருதியில் ஒரு சீழ்க்கை. நிலையங்கள் மேலும் விலகினால் சீழ்க்கை கீச்சென்று உயரும். நெருங்கினால் தாழ்ந்து உறுமலாகும். நிலையத்தை மாற்றும் முள்ளை நகர்த்தினாலும் இந்தச் சுருதி மாறாது. மாறாமல் இருந்தால் குற்றம் நிலையங்களுக்கிடையே உள்ளது. முள்ளோடு சேர்ந்து சுருதி ஏறி இறங்கினால் அது பெட்டிக்குள் உண்டாகும் விசில். இந்த ஒரு சோதனை இன்றைக்கும் செல்லும்.

பெட்டியும் குறுக்கீட்டுக்குக் காரணமாக இருந்ததுண்டு. ஆரம்பகாலத்து மலிவான பெட்டிகள் சில, வால்வின் வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்பி ஒலியைப் பெருக்கின. அந்தக் குமிழை அளவு மீறித் திருப்பினால் பெட்டியே ஒரு சிறு ஒலிபரப்பியாகி, ஏரியல் வழியாகத் தெரு முழுவதற்கும் ஊளையை அனுப்பும். சூப்பர்ஹெட்ரோடைன் அமைப்புள்ள பெட்டிகள் பரவியதும் இந்தத் தொல்லை ஒழிந்தது. நல்ல வால்வு பெட்டிகளில் 'மேஜிக் ஐ' என்ற பச்சை விளக்கும் வந்தது. நிலையத்தின் நடுவில் முள் நின்றால் அந்தக் கண்ணின் நிழல் குறுகும். இரண்டு நிலையங்கள் மோதும்போது கண் நிலைகொள்ளாமல் துடிக்கும். காதுக்கு முன்பே கண்ணுக்குக் குறுக்கீடு தெரிந்துவிடும்.

குற்றாலத்தின் கிழக்குக் கோட்டில் பெரிய சக்தி இலங்கை வானொலி. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியப் படைத்தலைமை தன் படைவீரர்களுக்காக நடத்திய வானொலிக்கு இலங்கையின் ஏகலை என்ற ஊரில் இருந்த சிற்றலை ஒலிபரப்பி 100 கிலோவாட் ஆற்றல் கொண்டது. அது இலங்கை அரசின் கைக்கு வந்து, 1950 செப்டம்பர் 30 அன்று வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் இந்திய அரசே அதற்கு நேயர்களைச் சேர்த்துக் கொடுத்தது. 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்கினார். இதை அவருடைய பெரும் தவறு என்றே சொல்ல வேண்டும். கேட்பவர் விரும்பும் பாட்டைக் காற்றில் தடுக்க எந்த அமைச்சராலும் இயலாது. எஸ்.பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் தென் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் குடியேறியது. பின்னாளில் பி.எச். அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் குரல்களும் அப்படியே வந்தன. 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் எளிதில் விடவில்லை.

பகல் நேரத்தில் இலங்கை கேட்டதற்குக் கடல் முக்கியக் காரணம். மத்திய அலை பகலில் தரையைத் தழுவிச் செல்கிறது. வறண்ட தரை அந்த அலையை விரைவில் விழுங்கிவிடும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடல்மேல் அலை அதிகம் தேயாமல் வரும். புத்தளத்துக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள 300 கிலோமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மன்னார் வளைகுடா. கடற்கரையில் ஏறிய பின் 100 கிலோமீட்டர் அளவு தரைதான் மிச்சம். முழுவதும் தரைவழியாக வரும் திருச்சிக்கு இந்த வசதி இல்லை.

1963 டிசம்பர் 1 அன்று திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியது. பின்னாளில் 1197 கிலோஹெர்ட்ஸ் என்று மாவட்டமே மனப்பாடமாக அறிந்த அலைவரிசை அதனுடையது. பண்ணைச் செய்திகள், மாவட்டத்து வழக்கில் உரையாடல்கள், உள்ளூர் நாதஸ்வரம், வில்லுப்பாட்டு என்று சொந்த ஊரின் ஓசை முதன்முதலாகப் பெட்டிக்குள் வந்தது. அதே பத்தாண்டில் டிரான்சிஸ்டர் பெட்டிகளும் பரவின. பீடி சுற்றும் வீடுகளில் பெண்களின் மடியருகே, சீசன் நேரத்து டீக்கடைப் பலகையில், வயற்காட்டு வரப்பில் என்று பெட்டி இடம் மாறத் தொடங்கியது. அதோடு குறுக்கீட்டை எதிர்கொள்ளும் முறையும் மாறியது. வெளியே கட்டிய கம்பியின் இடத்தைப் பெட்டிக்குள் கிடந்த ஃபெரைட் தண்டு பிடித்தது. கரிய காந்தப்பொருளாலான, விரல் பருமனுள்ள தண்டு அது. மேலே மெல்லிய கம்பி சுற்றியிருக்கும்.

இந்தத் தண்டுக்குத் திசை உண்டு. தண்டின் நீளவாட்டுப் பக்கம் நிலையத்தை நோக்கி இருந்தால் ஒலி உரக்க வரும். தண்டின் முனை நிலையத்தை நோக்கினால் ஒலி ஏறக்குறைய மறையும். மறையும் கோணம் மிகக் கூர்மையானது. உரக்கக் கேட்கும் கோணம் அகலமானது. ஆகவே கேட்க விரும்பும் நிலையத்தை உரக்க வைப்பதற்காகப் பெட்டியைத் திருப்புவதை விட, தொல்லை தரும் நிலையத்தை மறைப்பதற்காகத் திருப்புவதே பயன் தரும். பலர் இந்த வேறுபாட்டை அறியாமல், முதலில் சொன்னதையே செய்து சலித்துப்போவார்கள்.

குற்றாலத்தின் இரண்டு கோடுகள் இங்கேதான் வேலை செய்கின்றன. திருநெல்வேலியும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருப்பதால், திருவனந்தபுரத்தை நோக்கித் தண்டின் முனையைத் திருப்பினால் அது மறைந்து, திருநெல்வேலி தானாக முழு உரத்தில் நிற்கும். எதிர்மாறாகச் செய்தால் மலையாளம் தெளியும். ஒரே தூரத்தில் இரண்டு நிலையங்கள் இருக்கும் ஊர்களில் இவ்வளவு வசதியான கோணம் அமைவது அரிது. கிழக்குக் கோட்டிலோ நிலைமை நேர்மாறு. திருநெல்வேலி, தூத்துக்குடி, புத்தளம் மூன்றும் ஒரே திசையில் வரிசையாக நிற்பதால் எப்படித் திருப்பினாலும் மூன்றும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே மறையும். திருச்சியும் திருவனந்தபுரமும் எதிரெதிர்த் திசைகளில் இருந்தாலும் ஒரே கோட்டில் இருப்பதால் அவற்றையும் தண்டு பிரிக்காது. முன்னும் பின்னும் அதற்கு ஒன்றே. இத்தகைய நேரங்களில் முள்ளைச் சற்று ஒதுக்கி வைப்பதுதான் வழி. தொல்லை தரும் நிலையம் வலப்புறம் இருந்தால் முள்ளை இடப்புறமாக ஒரு மயிரிழை நகர்த்த வேண்டும். ஒலியின் கூர்மை கொஞ்சம் குறைந்தாலும் பேச்சு பிழைக்கும்.

மாலையில் கதை மாறுகிறது. பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனியடுக்கு மேலே செல்லும் மத்திய அலைகளை உறிஞ்சிவிடுகிறது. சூரிய ஒளி போனதும் அந்த அடுக்கு கரைகிறது. அதற்கும் மேலே உள்ள அடுக்குகள் அலைகளைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்புகின்றன. பகலில் நூறு கிலோமீட்டரோடு ஓய்ந்த நிலையம் இரவில் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி இறங்கும். குற்றாலத்தில் மேற்கே மலை இருப்பதால் கண்ணுக்குச் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். அவ்வளவு உயரத்தில் உள்ள அடுக்குக்கு மலையின் நிழல் எட்டாது. அதனால் தெருவில் இருட்டத் தொடங்கிய பிறகும் சிறிது நேரம் பகல் நேரத்துத் தெளிவு நீடிக்கும். வானத்தின் உண்மையான அந்திக்குப் பிறகே தூரத்து நிலையங்கள் வந்து நெருக்கும்.

இரவில் உள்ளூர் நிலையத்துக்கே உள்ளூர் நிலையம் எதிரியாவதும் உண்டு. தரைவழி வரும் அலையும், வானத்தில் பட்டுத் திரும்பும் அலையும் ஒரே இடத்தில் ஏறக்குறைய ஒரே வலிமையோடு சந்தித்தால், ஒரு கணம் கூடி மறுகணம் கழிந்து, பாட்டு குழைந்து நெளியும். நடுத்தர ஆற்றலுள்ள நிலையங்களுக்கு இந்தச் சந்திப்பு ஐம்பது அறுபது கிலோமீட்டரிலேயே தொடங்கக்கூடும். குற்றாலம் இருப்பது அந்த விளிம்பில். இன்னொரு நிலையம் குறுக்கிடுகிறது என்று நேயர்கள் நினைத்த சில இரவுகளில் நடந்தது இதுவே. வேறு நிலையத்தின் குரல் கேட்காமல், கேட்கும் பாட்டே நெளிந்தால் இதை அடையாளம் காணலாம். பெட்டியைத் திருப்புவதால் சில சமயம் தணியும். பெரும்பாலும் பொறுத்திருப்பதைத் தவிர வழியில்லை.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு இயல்பும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா, அந்தக் கோட்டை ஒட்டியிருப்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட இடம். இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் திருநெல்வேலியில் இயங்குவதற்கும் அதுவே காரணம். காந்த நடுக்கோட்டின் அருகே, நெட்டுக்குத்தான கோபுரங்கள் அனுப்பும் மத்திய அலைகள் கிழக்கு மேற்காகச் செல்லும்போது அயனியடுக்கில் கூடுதலாக நலிகின்றன. வடக்கு தெற்காகச் செல்லும்போது அந்த இழப்பு குறைவு. ஆகவே தென்காசிப் பக்கத்து இரவுகளில் வட இந்தியாவின் நிலையங்கள் எதிர்பாராத வலிமையோடு இறங்குவதை, மொழி தெரியாத செய்தியறிக்கைகளின் வாயிலாக நேயர்கள் அறிந்திருந்தார்கள்.

நிலையங்கள் பெருகியபோது உலக அளவில் ஒழுங்கு தேவைப்பட்டது. 1975-இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா நாடுகளுக்கான மத்திய அலைத் திட்டத்தை வகுத்தது. அது 1978 நவம்பர் 23 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நிலையமும் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், 9-ஆல் வகுபடும் எண்ணில் நிற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. திருச்சியின் 936, திருவனந்தபுரத்தின் 1161, திருநெல்வேலியின் 1197, தூத்துக்குடியின் 1053 எல்லாமே 9-ஆல் மீதியின்றி வகுபடுவதைக் காணலாம். அமெரிக்கக் கண்டங்கள் மட்டும் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியைப் பின்பற்றுகின்றன.

இந்த ஏற்பாட்டால் குறுக்கீட்டின் ஓசையே மாறியது. நிலையங்கள் தத்தம் எண்ணிலிருந்து 10 ஹெர்ட்ஸுக்கு மேல் விலகக் கூடாது என்பது சர்வதேச விதி. ஒரே எண்ணில் நிற்கும் இரண்டு நிலையங்களின் வேறுபாடு ஒரு சில ஹெர்ட்ஸ்தான் என்றால், காதுக்கு விசிலாக எதுவும் எட்டாது. ஒலி மெல்ல அலையலையாகப் பொங்கி வற்றும், அடியில் இன்னொரு குரல் முணுமுணுக்கும். பக்கத்து எண்ணில் நிற்கும் நிலையமானால் 9 கிலோஹெர்ட்ஸில் ஒரு நுண்ணிய கீச்சு. அதை வயதானவர்களின் காது பெரும்பாலும் கேட்பதே இல்லை. கூடவே பக்கத்து நிலையத்தின் பேச்சு, சொல் புரியாத கரகரப்பாகச் சிதறி விழும். கேட்பவருக்குத் தொல்லையில்லாமல் இருக்க, ஒரே எண்ணில் குறுக்கிடும் அலையின் ஆற்றல் விரும்பும் அலையின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். இவ்வளவு கடுமையான வரம்பை இரவில் காப்பது எந்த நாட்டுக்கும் எளிதாக இருந்ததில்லை.

திட்டம் போட்ட பிறகு எல்லா நாடுகளும் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போயின. டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ என்ற கிறிஸ்தவ ஒலிபரப்பு நிறுவனம் புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸில் 400 கிலோவாட் ஆற்றலோடு இந்தியாவை நோக்கிப் பேசியது. இந்தியா தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் நிலையத்தை நிறுவி இலங்கைத் தமிழர்களை நோக்கிப் பேசியது. வளைகுடாவின் இரண்டு கரைகளும் ஒன்றையொன்று நோக்கி இப்படி உரத்துப் பேசின. நடுவில் இருந்த சிறிய பெட்டிகள் திணறின. எளிய டிரான்சிஸ்டருக்குள் வலிமையான அலை நுழைந்தால் அதன் முதல் கட்டமே நிரம்பி வழியும். முள் எங்கே நின்றாலும் அந்த ஒரே நிலையம் பின்னால் பேசிக்கொண்டிருக்கும். பெட்டி கெட்டுவிட்டது என்று ரேடியோ ரிப்பேர் கடைக்குத் தூக்கிச் சென்றவர்கள் பலர். வெளி ஏரியலைக் கழற்றுவது, பெட்டியைத் திருப்பி அந்த நிலையத்தின் வலிமையைக் குறைப்பது, சுருளும் மின்தேக்கியும் சேர்த்த ஒரு சிறு பொறியை ஏரியல் வழியில் வைத்து அந்த ஒரு எண்ணை மட்டும் தடுப்பது ஆகியவை இதற்கு உதவும்.

சிற்றலையில் கேட்டவர்களின் உலகம் இன்னும் விரிந்தது. பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3 அன்று தொடங்கி, தமிழோசை என்று பெயர் பெற்று, 2017 ஏப்ரலில் வானொலியிலிருந்து ஓய்ந்தது. பெய்ஜிங்கின் தமிழ்ப் பிரிவு 1963-இல் தொடங்கியது. மணிலாவின் ரேடியோ வேரித்தாஸிலும் தமிழ் ஒலித்தது. சிற்றலை வரிசைகள் நெரிசலானவை. 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிலையங்கள் அடுக்கடுக்காக நிற்கும். பெட்டியின் பொய்த்தோற்றமும் இங்கே சேரும். சூப்பர்ஹெட்ரோடைன் பெட்டி வரும் அலையை உள்ளே 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்கிறது. அதனால் 7200-இல் உள்ள வலிய நிலையம், 455-இன் இருமடங்கான 910 கழித்து, 6290-லும் போலியாகக் கேட்கும். உண்மையான குறுக்கீடா, போலியா என்று அறிய, முள்ளை 910 மேலே நகர்த்தி அதே நிகழ்ச்சி அங்கே உரக்கக் கேட்கிறதா என்று பார்த்தால் போதும்.

நேயர் குறுக்கீட்டைப் பற்றி நிலையத்துக்கே எழுதும் வழக்கம் சிற்றலையில்தான் ஒரு கலையாக வளர்ந்தது. சின்போ என்ற ஐந்து எண் குறியீடு அதற்கு உலகப் பொதுமொழி. அலையின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இயற்கை இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் என்ற ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 5 என்றால் குறை இல்லை. ஒரு அஞ்சலட்டையில் தேதி, நேரம், அலைவரிசை, கேட்ட நிகழ்ச்சியின் விவரம், 43443 போன்ற ஒரு எண் இவ்வளவும் இருந்தால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொறியாளருக்குத் தன் அலை இந்த ஊரில் என்ன பாடுபடுகிறது என்று தெரிந்துவிடும். நிலையங்கள் நன்றி சொல்லி அழகிய வண்ண அட்டைகளை அனுப்பின. ஆண்டுக்கு இருமுறை நிலையங்கள் அலைவரிசைகளை மாற்றி அமைத்தபோது இத்தகைய கடிதங்கள் கணக்கில் எடுக்கப்பட்டன. தென் மாவட்டங்களில் நேயர் மன்றம் அமைத்து இதைச் செய்தவர்கள் சாதாரண உழைப்பாளிகளும் மாணவர்களும். அவர்கள் செய்தது நேர்த்தியான அறிவியல் பணி. அதற்குரிய மதிப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பண்பலை வந்ததும் குறுக்கீட்டின் இலக்கணமே வேறாயிற்று. கொடைக்கானல் மலைமேலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோவாட் ஆற்றலோடு ஒலிக்கும் அகில இந்திய வானொலி நிலையம் தென் தமிழ்நாட்டின் பேருந்துகளையும் டீக்கடைகளையும் ஆண்டது. பண்பலை அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் செல்வதால் கோபுரத்தின் உயரமே அதன் எல்லை. 2,000 மீட்டருக்கு மேல் நிற்கும் கோபுரத்துக்குத் தடையற்ற சமவெளியில் 180 கிலோமீட்டர் வரை அடிவானம் எட்டும். குற்றாலம் சுமார் 145 கிலோமீட்டரில் இருக்கிறது. இடையே வருசநாட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள் எழுவதால் ஊரின் ஒரு தெருவில் தெளிவாகவும் அடுத்த தெருவில் இரைச்சலோடும் கேட்கும்.

பண்பலைப் பெட்டிக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் வந்தால் சற்றே வலிமையான ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை முழுவதும் அடக்கிவிடும். மத்திய அலைபோல இரண்டு குரல்கள் கலந்து முணுமுணுக்காது. இரண்டும் ஏறக்குறைய சமமானால் ஒரு நொடி இது, ஒரு நொடி அது என்று தாவும். செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் ஏறும் வண்டிகளில் இதைக் கேட்கலாம்: வளைவுக்கு வளைவு தமிழ் விழுந்து மலையாளம் எழும். மலைச்சரிவில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு சற்றுத் தாமதித்துச் சேர்வதால் ஒலி பிசிறடிப்பதும் மலையடிவாரத்துக்குரிய தொல்லை. ஏரியலை ஒன்றிரண்டு அடி நகர்த்தினாலே இது மாறும், ஏனெனில் பண்பலையின் அலைநீளம் மூன்று மீட்டர்தான். ஸ்டீரியோவை நிறுத்தி மோனோவில் கேட்டால் பின்னணி இரைச்சல் பெரிதும் அடங்கும். காற்று அசையாத வெப்பமான மாதங்களின் அதிகாலைகளில், கடல்மேல் படியும் காற்றடுக்குகள் குழாய்போல அமைந்து இலங்கையின் பண்பலையைத் தமிழகக் கடற்கரைக்குக் கொண்டுவருவதும் உண்டு. வெயில் ஏறியதும் அது கலைந்துவிடும்.

நிலையங்களுக்கிடையே நடந்த இந்த நெருக்கடியை இன்று வீட்டுக்குள்ளிருந்து எழும் இரைச்சல் முந்திவிட்டது. எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், மின்விசிறி ரெகுலேட்டர், சூரிய மின்தகட்டின் இன்வெர்ட்டர் யாவும் மத்திய அலையில் இடைவிடாத ரீங்காரத்தை எழுப்புகின்றன. சாரல் காலத்தில், தூசி படிந்த மின்கம்பப் பீங்கான்கள் ஈரமாகி மின்சாரம் கசிவதால் எழும் கரகரப்பு தனி. பெருமழை கழுவிவிட்டால் அது நிற்கும். கண்டுபிடிக்கும் வழி எளிது. பெட்டியைப் பேட்டரியில் இயக்கி, வீட்டின் மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைக்க வேண்டும். இரைச்சல் நின்றால் காரணம் வீட்டுக்குள். ஒவ்வொரு கருவியாக இயக்கிப் பார்த்தால் பிடிபடும். நிற்காவிட்டால் பெட்டியோடு தெருவில் நடந்து, எந்தக் கம்பத்தருகே இரைச்சல் கூடுகிறது என்று பார்த்து, கம்பத்தின் எண்ணோடு மின்வாரியத்தில் சொல்லலாம்.

ஒரு நிலையமே தன் எல்லை மீறிக் குறுக்கிட்டால் அதைத் தட்டிக்கேட்க அமைப்பு இருக்கிறது. அலைவரிசை ஒதுக்கும் மத்திய அரசுப் பிரிவும், அலைகளைக் கண்காணித்து அளக்கும் கம்பியில்லாத் தந்திக் கண்காணிப்பு அமைப்பும் 1952 முதல் இயங்குகின்றன. முறையீடு பயன்பட வேண்டுமானால் சிற்றலை நேயர்கள் கற்றுக்கொடுத்த அதே விவரங்கள் வேண்டும்: எந்த எண்ணில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, பகலிலா இரவிலா, குறுக்கிட்ட நிலையம் தன்னை என்ன பெயர் சொல்லி அறிவித்தது, பெட்டியை எந்தத் திசைக்குத் திருப்பியபோது அது மறைந்தது. கடைசி விவரம் மிகவும் முக்கியம். குற்றாலத்தில் ஒருவர் தண்டின் முனை தென்மேற்கைக் காட்டியபோது மறைந்தது என்று எழுதினால், குறுக்கிட்டது திருவனந்தபுரம், திருச்சி, சென்னை என்னும் கோட்டிலிருந்து வந்தது என்று ஆகிறது. கிழக்கைக் காட்டியபோது என்றால் திருநெல்வேலியிலிருந்து புத்தளம் வரை நீளும் கோடு. இரண்டு கோடுகளில் எது என்று தெரிந்துவிட்டால், அந்தக் கோட்டுக்கு வெளியே இன்னொரு இடத்தில் இருக்கும் நேயரின் கடிதத்தோடு ஒப்பிட்டு, அலை புறப்பட்ட ஊரைப் பொறியாளர் குறித்துவிடலாம்.